கேட்காமல் தின்ன வேண்டிய பொங்கல்

ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போய்வந்த பரிபூரணம், கிறிஸ்தவ வேதத்தின்படி இம்மி பிசகாமல் நடப்பவள். பக்கத்து வீட்டு இருளம்மாள் ஆடி தோறும் அய்யனார் கோவில் பொங்கலைக் கொண்டுவருவாள். படைத்தது ஆகாது என்று இவள் திருப்பி அனுப்பிவிடுவாள். இருளம்மாளின் முகம் சுண்டிப்போகும். எண்பத்தேழாம் வருஷம் ஆடி பிறந்த சமயம், பைபிளில் பவுலின் நிருபத்தை வாசித்தபோது ஒரு வழி கிடைத்தது.

“ஏட்டி, படச்சதுன்னு சொன்னாத்தான் திங்கக் கூடாதாம். கேக்காமத் தின்னா குத்தமில்லையாம். இனிமே ஒண்ணும் சொல்லாமக் குடு.”

“நான் சொல்லாட்டா ஒங்க சாமிக்குத் தெரியாதாக்கா?”



மறுவாரம் இருளம்மாள் ஒரு கிண்ணம் பொங்கலை நீட்டினாள். எங்கே பொங்கியது என்று மூச்சு விடவில்லை. வீட்டுப் பொங்கலாகவும் இருக்கலாம். கேட்டு, படைத்தது என்று சொல்லிவிட்டால் தின்ன முடியாது. கேட்காமல் தின்றாலோ, சாமிக்குத் தெரியுமே. முன்பெல்லாம் வேண்டாம் என்றாவது சொல்ல முடிந்தது.