தாடையில் இருந்த புள்ளிகள்

நேற்று என் மகள் செல்போனில் என்னைப் படம் எடுத்தாள். பார்த்தால் கன்னத்தில் அம்மைத் தழும்புகளைக் காணோம். "போனே அழிச்சிடும்ப்பா," என்றாள். படம் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் பழைய முகம் ஒன்று நினைவுக்கு வந்தது.

சில வருஷங்களுக்கு முன் செங்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். படிப்பு அஞ்சாவதோடு சரி. நாலு பேர் முன்னால் வாய் திறக்க வெட்கம். அதனால் முதலாளி படம் எடுப்பார், நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பேன். இரண்டுக்கும் நடுவே நீளமாக ஒரு வயர். பட்டனை அழுத்தியதும் படம் கேமராவில் தங்காமல் நேராக என் திரையில் வந்து விழும். மனிதர்களை நிமிர்ந்து பார்க்கக் கூசுகிறவனுக்கு அது பெரிய சௌகரியம். வெயிலில் சூடேறினால் அந்த வயரில் டயர் கடை வாசனை வரும். அந்த வாசனையோடுதான் புதூர்நாடு எனக்கு நினைவுக்கு வருகிறது. மலை மேல் இருக்கிற ஊர். திருவிழாவுக்கு ஜீப்பில் போய் அங்கே படம் எடுப்போம்.

"இன்னா தம்பி, மாட்டக் கட்ற மாதிரி கேமராவக் கட்டி வெச்சிக்கிறீங்க? அவுத்து உட்டா ஓடிடுமா?" என்றார் அண்ணாமலை. சாமை பயிரிடுகிறவர். மனைவி சின்னப்பொண்ணுவை அழைத்து வந்திருந்தார். ஆதார் கார்டைத் தவிர அந்த அம்மாவுக்குப் படமே கிடையாது.

படம் திரையில் விழுந்ததும் அந்த அம்மா தன் தாடையைத் தொட்டுக்கொண்டார். அங்கே பச்சை குத்திய புள்ளிகள். "இத்த மட்டும் அழிச்சிடாதீங்க. எங்கம்மா மடில படுக்க வெச்சிக் குத்துனது."

"அழிச்சிடு தம்பி. புதுப் பொண்டாட்டி கெடச்சா மாதிரி இருக்கும்," என்றார் அண்ணாமலை.

"ஆமா, இவுரு மூஞ்சிக்கு அது ஒண்ணுதான் கொற."

எங்களிடம் இரண்டு புரோகிராம்கள். ஒன்றில் படங்களைப் பொறுக்கி நிறம் சரிசெய்வோம். முகத்தில் தழும்பு, மரு துடைக்க வேண்டிய படத்தை மட்டும் இன்னொன்றுக்கு அனுப்புவோம். துடைத்த படம் தனிப் பிரதியாகத் திரும்பி வந்து அசலுக்குப் பக்கத்தில் நிற்கும். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. மேலிருந்து மூன்றாவது, இடது பக்கத்துப் பட்டன் என்று இடத்தை வைத்தே பழகியவன்.

சின்னப்பொண்ணுவின் முகத்தைக் கைப்பழக்கத்தில் துடைத்துவிட்டேன். புள்ளிகளும் போயின. அசல் இருக்கிறதே, நாளைக்கு மறுபடி செய்யலாம் என்று விட்டேன். வேலை முடிந்த அசல்களைப் பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கும் பட்டன் ஒன்று உண்டு, இடது பக்கம். வலது பக்கத்தது கம்ப்யூட்டரிலிருந்தே அழித்துவிடும். அன்றும் அதைத்தான் அழுத்தினேன். அந்த வாரம் புரோகிராம் புதுசாகி, இடமும் வலமும் மாறியிருந்தது எனக்குத் தெரியாது. அசல்கள் கம்ப்யூட்டரை விட்டே போய்விட்டன. வழக்கம்போலக் குப்பையையும் காலி செய்தேன். மறுநாள் தேடியபோதுதான் புரிந்தது. முதலாளியிடம் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து அண்ணாமலை தனியாக வந்தார். காய்ச்சல் என்று படுத்த சின்னப்பொண்ணு எழுந்திருக்கவே இல்லையாம். பிரிண்டைக் கையில் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

"மொகம் அவளுதுதான் தம்பி. ஆனா அவ இல்ல."

அன்றைக்குத்தான் ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. சின்னப்பொண்ணுவின் ஆதார் கார்டை எடுத்து நீட்டினார். அதில் தாடையே ஒரே கறுப்பு.

"திரும்ப வரைஞ்சிடலாம்ணா. எத்தினி புள்ளி? எங்கெங்க?"

திரையில் தாடை மேல் விரலை வைத்தார். கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினார். பிறகு விரலை எடுத்துவிட்டார்.

"மூணு... அஞ்சா? தெனம் பார்த்த மொகம் தம்பி. எண்ணலியே."

துடைத்த முகத்தையே துண்டில் சுற்றிக்கொண்டு ஜீப்புக்குப் போனார்.

ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை. மலையில் பச்சை குத்துகிறவர்களும் இல்லை. அந்தத் தாடையைத் திரை முழுக்க விரித்து வைத்து, ஒவ்வொரு புள்ளியாகத் துடைத்தவன் நான். நானும் எண்ணவில்லை.