உலராத ஹெல்மெட்

நான் பிடித்த மீன்களின் நீளம் பற்றி இதுவரை சொன்னதெல்லாம் பொய். ஒப்புக்கொள்கிறேன். இது பொய் இல்லை. 1983, செப்டம்பர் 17, சனிக்கிழமை. வட கரோலினா. எங்கள் ஊரிலிருந்து இரண்டு மாவட்டம் தள்ளி ஓர் அரை மைல் வட்டத் தடம். நான் அதுவரை ஓட்டாத தடம்.

மொத்தம் முப்பத்தோரு வருடம் கார்ப் பந்தயம் ஓட்டியவன் நான். நாற்பது விலா எலும்பு உடைந்திருக்கிறது. மனிதனுக்கு இருப்பதே இருபத்துநான்குதான் என்பாள் என் மனைவி. ஆனால் அன்று வரை சாம்பியன் பட்டம் ஒன்றுகூட வாங்கியதில்லை. அது அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். ஐந்து பேருக்குள் வந்தால் போதும், பட்டம் எனக்கு.

மாலை 6.40. என் மச்சினன் லானி லாரியைப் பின்னால் எடுத்தான். கறக். என் ஹெல்மெட்.

"ஏன்டா, கண்ண எங்கடா வச்சிருந்த?"

"தரையில வச்சது நீங்க மாமா. தலையில வச்சிருந்தா உடைஞ்சிருக்குமா?"

ஹெல்மெட் இல்லாமல் தடத்தில் இறங்க விடமாட்டார்கள். லானி ஓடிப்போய், தடத்து அலுவலகப் பரணிலிருந்து பழைய ஆரஞ்சு ஹெல்மெட் ஒன்றை வாரைப் பிடித்துத் தூக்கி வந்தான். வாங்கும்போதே குமட்டியது. மென்று துப்பிய புகையிலை, புளித்துப்போன வியர்வை, செத்த எலி, எல்லாம் கலந்த நாற்றம். விளிம்பில் விரல் பட்டது. ஈரம்.

"என்னடா இப்படி நாறுது?"

"எனக்கு ஒண்ணும் நாறலியே மாமா."

எங்கள் ஆட்களில், ஜெயித்துக்கொண்டிருப்பவன் சட்டையையும் ஹெல்மெட்டையும் கழுவமாட்டான். கழுவினால் ராசி போய்விடும். இவ்வளவு நாறினால் எத்தனை வெற்றி பார்த்த ஹெல்மெட்டோ என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. மூச்சை அடக்கி மாட்டிக்கொண்டேன். என் பூசணித் தலை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

8.12. பச்சைக் கொடி.

முதல் சுற்றிலேயே உள்மெத்தை இரண்டு கன்னத்திலும் ஒட்டியது. வெதுவெதுப்பாக. நாய் நக்குவது போல.

8.20. இருபதாவது சுற்று. காதுக்குள் மெல்லும் சத்தம். சவக்... சவக்...

ரேடியோவில் கத்தினேன். "திங்கிறத நிறுத்துடா லானி."

"நான் எங்க மாமா தின்னேன்? மூணாவதா போறீங்க. பேசாம ஓட்டுங்க."

8.27. நாற்பதாவது சுற்று. கொழகொழவென்று ஏதோ வழிந்து உதட்டுக்கு வந்தது. புகையிலைச் சாறு. நான் புகையிலை போடுவதில்லை.

கழற்றி எறியலாம்... எறிந்தால் கறுப்புக் கொடி காட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள். பட்டம் போய்விடும்.

விழுங்கினேன்.

8.30. மெத்தை இறுகியது.

சவக்... சவக்...

வாய்க்குள் மீசை முடி...

எனக்கு மீசை கிடையாது.

8.32. கடைசிச் சுற்று முடிந்து கொடி விழுந்தது. நான்காவது இடம்.

காரிலிருந்து உருண்டு விழுந்து ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தேன். இரண்டு வாளி வாந்தி எடுத்தேன். ஒரு வாளிதான் என்பான் லானி.

தடத்து மேற்பார்வையாளர் ஏர்ல், கையில் என் பட்டக் கோப்பையோடு வந்தார். ஹெல்மெட்டைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இத யாருப்பா எடுத்தது? ஓடெல் ப்ரூயிட்டோடது இது."

"யாருண்ணே அது?"

"எழுபத்தாறுல மூணாவது வளைவுல எரிஞ்சு போனான். மெத்தை அவன் மூஞ்சியில ஒட்டிக்கிச்சு. பிய்க்க முடியல. வெளி ஓட்ட மட்டும் கழட்டிட்டு, மெத்தையோடதான் புதைச்சோம்."

ஹெல்மெட்டைத் திருப்பிக் காட்டினார்.

வெறும் ஓடு. உள்ளே ஏழு வருடத் தூசி. காய்ந்த தூசி.