லாரியில் போன இன்ஹேலர்

கொட்டும் மழையிலும் நல்ல நேரத்தைத் தவறவிட மனமில்லாமல், பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு வீடு மாறினோம். கணவர் சாமான்களோடு மினி லாரியில் கிளம்பினார். புது வீட்டுக்குள் முதலில் போகவேண்டிய உப்பு, மஞ்சள், விளக்கை ஒரு பையில் வைத்துக்கொண்டு, நானும் எட்டு வயது மகளும் ஆட்டோவில் முன்னால் வந்துவிட்டோம்.

விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால், ஈரக்காற்று பட்டு மகளுக்கு வீசிங் ஆரம்பித்திருந்தது. இன்ஹேலரோ துணிமூட்டைக்குள், லாரியில்! கணவருக்குப் போன் செய்தேன்.

"தரைப்பாலத்துல தண்ணி போவுது, வண்டிய நிறுத்திட்டாங்க. நான் என்ன பண்ணுவேன்?" என்றார், அழாத குறையாக.

"அம்மா... மூச்சு..." அதற்கு மேல் மகளால் பேச முடியவில்லை. உதடு வேறு நீலம் பாய்ந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். அங்கே மழைக்கு ஒதுங்கி நின்ற ஓர் ஆட்டோக்காரர், "ஏறுங்கக்கா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று வண்டியைக் கிளப்பினார்.

நெபுலைசர் வைத்து அரை மணி நேரம் கழித்து, "அம்மா, விளக்க அணைக்காம வந்துட்டோமே" என்றாள். அவள் முழுதாகப் பேசியதைக் கேட்டதும் உடைந்து அழுதுவிட்டேன்.

போன மாதம் மறுபடி வீடு மாறினோம். மழை விடும்வரை காத்திருந்தோம். அந்தப் பையில் உப்புக்கு முன்னால் இன்ஹேலரைத்தான் வைத்தேன்.