அட்டை பள்ளிக்கூடம் போன கதை

சங்கீத ரீச்சரின் அலறல்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. மழை பிடித்திருந்த ஒரு காலையில், ஆசிரியர் அறைக் கதிரையில் இரண்டு கால்களையும் தூக்கி வைத்துக்கொண்டு, "ஐயோ, கழட்டுங்கோ! ஆராவது வந்து கழட்டுங்கோ!" என்று அவர் கத்தினார். வெள்ளைச் சேலையின் கரையில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு இரத்தம். கணுக்காலில் நன்றாகக் குடித்து உருண்டு போயிருந்த ஓர் அட்டை. யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்து அவருக்கு அது இரண்டாவது வாரம்; அவர் ஊர் வழக்கில் 'டீச்சர்' என்பது 'ரீச்சர்'. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு சிரித்தார்கள். அவர்களின் வகுப்பாசிரியையான நான்தான் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு அதை விழ வைத்தேன். விழுந்த அட்டை தரையில் சுருண்டு சுருண்டு வாசல் பக்கமாய்ப் போனதைப் பார்த்த ஒரு சிறுமி, "பாவம் டீச்சர், அதுவும் படிக்கத்தானே வந்துச்சு" என்றாள்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அன்று மாலையே ஒரு கதை எழுதினேன். ஒன்பதாம் நம்பர் மலையில், ஒரு தேயிலைச் செடியின் அடியில் இருக்கும் குட்டி அட்டைக்குப் படிக்க ஆசை. பிள்ளைகளின் சப்பாத்தில் ஏறிப் பள்ளிக்கூடம் வருகிறது. பார்த்தவர்கள் எல்லாம் அலறுகிறார்கள், உதறுகிறார்கள். கடைசியில் யாரோ உப்புப் போட, அது அழுதுகொண்டே மலைக்குத் திரும்புகிறது. மறுநாள் அதை வகுப்பில் வாசித்தபோது பிள்ளைகள் முழுக்கச் சிரித்துவிட்டு, முடிவில், "அது மறுபடி வரவே இல்லையா டீச்சர்?" என்று கேட்டார்கள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சங்கீத ரீச்சர் உள்ளே வந்தார். "இதை நாங்கள் பாட்டு நாடகமாப் போடுவம். பரிசளிப்பு விழாவுக்கு. எனக்கு அந்தச் சனியனை இன்னும் பிடிக்கேல்லை. ஆனா அதுக்கு ஒரு பாட்டு இருக்கு" என்றார்.

எங்கள் குழு இப்படித்தான் உருவானது. கதை என்னுடையது, மெட்டு அவருடையது. தாளத்துக்கு ஒருவர் வேண்டுமென்றபோது நான் லொறி அண்ணனைச் சொன்னேன். தோட்டத்துக் கொழுந்தைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப் போகும் லொறியின் சாரதி அவர். தோட்டத்தில் ஆடும் காமன் கூத்துக்கு அவர் தப்புப் பறை அடித்தால் ஒரு மலைக்கு அப்பாலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஐம்பதை நெருங்கிய, அதிகம் பேசாத மனிதர். பள்ளிக்கூடத்துக்குள் வருவதற்கே தயங்கினார். "சாவுக்கு அடிக்கிற தப்ப எல்லாம் மேடையில வச்சா யாராச்சும் ஒண்ணு சொல்லுவாங்க டீச்சர்" என்றார். சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இழுத்து வந்தேன்.

முதல் சிக்கல் பாட்டில் வந்தது. மேடையில் நல்ல தமிழ்தான் வர வேண்டும் என்பதில் சங்கீத ரீச்சர் உறுதியாக இருந்தார். எனக்கும் அப்போது எதிர்த்துப் பேசத் துணிவில்லை. உண்மையைச் சொன்னால், தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் நாங்கள் பேசும் பேச்சைப் பற்றி எனக்கே ஒரு கூச்சம் இருந்தது. பயிற்சிக் கல்லூரியில் நான் வாய் திறந்தாலே சிரித்தவர்கள் உண்டு. அதனால் 'அறிவினை நாடி வந்தேன், அருந்தமிழ் பாட வந்தேன்' என்று எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகள் அதை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் பாடினார்கள். மூன்று நாள் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த லொறி அண்ணன் நான்காம் நாள் மெதுவாகக் கேட்டார்:

"பாட்டு நல்லா இருக்குங்க. ஆனா இந்த அட்ட எந்த ஊருங்க?"

ரீச்சர் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்தார். அவர் அண்ணனையே ஒரு கணம் பார்த்தார். பிறகு, கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். "சரி, உங்கட ஊர் அட்டை எப்பிடிப் பாடும்? பாடிக் காட்டுங்கோ" என்றார். அண்ணன் தப்பின் விளிம்பை விரலால் தட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பாடினார்:

"ஊசி போல வாயிருக்கு – எனக்கு
ஒத்த எழுத்து தெரியலீங்க!
காலத் தேடி வரலீங்க – ரெண்டு
கணக்குப் படிக்க வந்தேங்க!"

பிள்ளைகள் வாங்குப் பலகையில் ஏறிக் குதித்தார்கள். ரீச்சர் ஆர்மோனியத்தில் அந்த மெட்டைத் தேடிப் பிடித்து, "இது புன்னாகவராளிப் பக்கமாப் போகுது, பாம்பாட்டியின்ர மகுடி ராகம். பாம்புக்கு மட்டும்தானோ, அட்டைக்கும் பொருந்தும்" என்றார். அன்று நான் எழுதி வைத்திருந்த பாட்டுத் தாள்களை நானே கிழித்துப் போட்டேன். அடுத்த இரண்டு வாரம் நாங்கள் மூவரும் சண்டை போட்டோம், சிரித்தோம், ஒரு வரிக்காக மூன்று கோப்பை தேநீரை ஆறவிட்டோம். லயங்களில் பிள்ளைகள் பாடிப் பாடி, கொழுந்தெடுக்கும் பெண்களும் மலையில் அதைப் பாடத் தொடங்கினார்கள்.

முடிவுதான் யாருக்கும் பிடிபடவில்லை. அட்டையை அழவைத்து அனுப்புவது ரீச்சருக்குப் பிடிக்கவில்லை. ஒரு தேவதை வந்து அதை வண்ணத்துப்பூச்சி ஆக்கட்டும் என்றார். எனக்கு அது பொய்யாகப் பட்டது. அப்போது லொறி அண்ணன் சொன்னார்:

"ஒண்ணும் வேணாங்க. டாப்புல அது பேரையும் எழுதி, கூப்பிடச் சொல்லுங்க. அது போதும்."

தினமும் காலையில் பெயர் கூப்பிடும் வரவுப் புத்தகத்தை நாங்கள் டாப்பு என்போம். ஏன் அது போதும் என்று ரீச்சர் கேட்டார். அண்ணன் தப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆறு வயசுல எங்கம்மா என்னய இதே பள்ளிக்கொடத்துக்குத்தான் கூட்டியாந்துச்சுங்க. பொறப்புப் பத்திரம் இல்லைன்னுட்டாங்க. தெனமும் வந்து ஜன்னலுக்கு வெளிய நிப்பேன். உள்ள பேரு கூப்பிடுவாங்க. எல்லாப் பேரும் எனக்கு மனப்பாடம். எம் பேருதான் வராது. ஒம்பது வயசுலதான் சேத்தாங்க. ரெண்டு வருசத்துல வேலைக்குப் போயிட்டேன்."

ரீச்சர் என் கையிலிருந்த பிரதியை வாங்கி, கடைசிப் பக்கத்தில் அவரே எழுதினார்: 'ஆசிரியை டாப்பு எடுக்கிறார். அட்டையின் பெயர் கூப்பிடப்படுகிறது.'

விழா நாள் நண்பகல்வரை வெயில். தகரக் கூரை போட்ட மண்டபத்தில் உட்கார இடமில்லை. பாதி நாள் வேலையோடு இறங்கி வந்த பெண்கள் பின்சுவர் ஓரம் நின்றார்கள். பழைய கம்பளிக்குள் மூன்று பிள்ளைகள் வரிசையாகப் புகுந்து அட்டையாக நெளிந்து வந்ததுமே மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. தப்புச் சத்தம் சின்னக் குரல்களை மூடிவிடும் என்று ரீச்சர் அண்ணனை மேடைக்கு வெளியே, என் பக்கத்தில் உட்கார வைத்து, விரலால் மட்டும் தட்டச் சொல்லியிருந்தார்.

பாதி நாடகத்தில் மழை கொட்டியது. கூரையில் கல் விழுவதுபோல் சத்தம். ஆர்மோனியம் கேட்கவில்லை, பிள்ளைகளின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. எங்கே எடுப்பது என்று தெரியாமல் அவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். அட்டையின் நடுப்பகுதி உட்கார்ந்தே விட்டது. முன்வரிசையில் அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ரீச்சர் ஆர்மோனியத்தை மூடிவிட்டு எழுந்து, எங்களை நோக்கி இரண்டு கைகளையும் வீசினார்.

"அண்ணை, அடியுங்கோ! நல்லா அடியுங்கோ!"

அண்ணன் எழுந்து மேடை நடுவுக்கே போனார். தப்பு முழங்கியது. மழைக்கு மேலே அது ஒன்றுதான் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ஆடினார்கள். பின்சுவர் ஓரம் நின்ற பெண்கள் 'ஊசி போல வாயிருக்கு' என்று எடுத்தார்கள். பிறகு மண்டபமே பாடியது. பாட்டு முடிந்ததும் ஆசிரியையாக நடித்த சிறுமி டாப்பை விரித்துப் பெயர்களைக் கூப்பிட்டாள். கடைசியாகத் தொண்டை கிழிய, "அட்டை!" என்றாள்.

கம்பளிக்குள்ளிருந்து வந்த பதில் மழையில் அமிழ்ந்து போனது. யாருக்கும் கேட்கவில்லை. ஒரு நொடிதான். பின்பக்கமிருந்து பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "வந்திருக்கு டீச்சர்!"

ஒருவர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் பக்கமாய் ஒதுங்கி நின்று, தப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லொறி அண்ணன், "வந்திருக்கேன் டீச்சர்" என்றார். மேடையோரம் நின்ற எனக்கும் ரீச்சருக்கும் மட்டும் அது கேட்டது. ரீச்சர் என் கையை இறுகப் பிடித்தார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் அவரிடம் ஒருபோதும் பேசியதில்லை.

சில ஆண்டுகளில் ரீச்சருக்குச் சொந்த ஊருக்கு மாற்றம் கிடைத்தது. இந்த ஆண்டு தொடக்கத்தில் அவரிடமிருந்து அழைப்பு: யாழ்ப்பாணத்தில் அதே நாடகம், என்னையும் லொறி அண்ணனையும் வரச் சொல்லி. "இஞ்ச பிள்ளையளுக்கு விளங்கேல்லை. அட்டை எண்டால் கொப்பிக்குப் போடுற அட்டையோ எண்டு கேக்குதுகள்!" என்று சிரித்தார். ஹட்டனில் ரயிலேறி, கொழும்பில் மாறி, தப்பைப் போர்வையில் சுற்றிக்கொண்டு போனோம். அண்ணன் வடக்கே வருவது அதுவே முதல் தடவை. பனைகளைப் பார்த்து, "மல ஒண்ணுகூட இல்லீங்களே, மழ எங்க போயி முட்டும்?" என்று கவலைப்பட்டார்.

அந்தப் பிள்ளைகள் பாடத் தொடங்கியதும் நான் கதிரையின் விளிம்புக்கு நகர்ந்து கேட்டேன். 'தெரியலீங்க', 'வரலீங்க', 'வந்தேங்க' என்று எங்கள் லயத்துப் பேச்சை ஒரு எழுத்து மாறாமல், ருசித்து ருசித்துப் பாடினார்கள். பக்கத்திலிருந்த ஓர் ஆசிரியர், கொஞ்சம் திருத்தியிருக்கலாமே என்று ரீச்சரிடம் கேட்டார். ரீச்சர் திரும்பிப் பார்க்காமலே, "ஏன் திருத்தோணும்? அதுவும் தமிழ்தானே" என்றார். நான் பயிற்சிக் கல்லூரியில் விழுங்கிய சொற்கள் எல்லாம் அந்த மண்டபத்தில் உரக்கக் கேட்டன.

நாடகம் முடிந்ததும் பிள்ளைகள் அண்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள். "மாமா, அட்டை உண்மையாவே பாடுமோ?"

"பாடாம இருக்குமா? மழ பேஞ்சா போதும். வந்து பாருங்க, எல்லாரும் நம்ம வீட்டுலயே தங்கலாம்" என்று அவர் வாக்குக் கொடுத்துவிட்டார். அவருடைய வீட்டில் இரண்டே அறைகள். பிள்ளைகள் இருபத்தாறு பேர். அடுத்த விடுமுறைக்கு வருகிறார்கள். யார் யாரை எந்தெந்த வீட்டில் படுக்க வைப்பதென்று லயம் முழுக்க இப்போது வாக்குவாதம் நடக்கிறது. காலில் பூசினால் அட்டை ஏறாதென்று அண்ணன் ஒரு பெட்டி சவுக்காரக் கட்டி வாங்கி வைத்திருக்கிறார். நேற்று என்னிடம் வந்து, "டீச்சர், ஒரு டாப்பு வேணும். வர்ற புள்ளைங்க பேரெல்லாம் எழுதி வைக்கணும். காலையில நானே கூப்பிடுறேன்" என்றார்.