அண்ணனுக்காக வந்த கன்டெய்னர்

கன்டெய்னர் வாங்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். என் கணவரும் இல்லை, மருமகளும் இல்லை. இதை இப்போதாவது மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

என் அண்ணன் முப்பது வருடங்களுக்கு மேல் ட்ரெய்லர் ஓட்டியவர். துறைமுகத்தில் கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு போய் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனிகளில் இறக்குவார். அங்கே ஏற்றியதைத் துறைமுகத்துக்குக் கொண்டு வருவார். பிள்ளைகள் இல்லை. அண்ணி இறந்த பிறகு கரையான்சாவடியில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். ஒரு நாள் காலை பல் விளக்கும்போது வாய் கோணிக்கொண்டது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்த பிறகும் மாடிப்படி ஏற முடியவில்லை. நெமிலிச்சேரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

"கொஞ்ச நாளிக்கிதான் பாப்பா. கையி வந்துட்டா கெளம்பிடறேன்" என்றார். எனக்கு ஐம்பத்தாறு வயது. என்னைப் பாப்பா என்று கூப்பிட அவர் ஒருவர்தான் மிச்சம்.

கை வரவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு படுக்கையறைகள். ஒன்றில் மகனும் மருமகளும் ஐந்து மாதக் குழந்தையும். இன்னொன்றில் நாங்கள். அண்ணனுக்கு ஹாலில் கட்டில் போட்டோம். கட்டிலுக்கு அடியில் இருக்கும் மூத்திரப் பாட்டிலை, யாராவது வந்தால் காலால் உள்ளே தள்ளிவிடுவேன். ஆனாலும் வாடை இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சம்பந்தியம்மா பேரனைப் பார்க்க வந்தார். ஹாலில் உட்காராமல், சமையலறை வாசலில் நின்றபடியே காபி குடித்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் கணவரிடம் பேச்சை எடுத்தேன். பின்னால் இருக்கும் காலி இடத்தில் ஒரு பழைய கன்டெய்னரை வாங்கிப் போட்டால் அண்ணனுக்குத் தனி அறையாகிவிடும் என்றேன்.

கணவர் திருநெல்வேலிக்காரர். ஆவடியில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். "மச்சான டப்பாக்குள்ள கொண்டு போடச் சொல்லுதியா?" என்றார்.

"இப்பல்லாம் அதுலயே ஆபீஸ் வெக்கறாங்க. ஜன்னல், ஃபேன் எல்லாம் வெச்சுத்தான் குடுப்பாங்க. அந்தப் பொண்ணும் கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு எவ்ளோ நாள் சமாளிக்கும்?"

"அந்தப் பிள்ள ஏதும் சொல்லிச்சா?"

"வாயத் தொறந்து சொன்னாத்தானா?" என்றேன்.

அண்ணனிடமும் நானே சொன்னேன். குழந்தை அழுது உங்கள் தூக்கம் கெடுகிறது, தனியாக இருந்தால் நிம்மதி என்று என்னென்னவோ அடுக்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இருவதடியா, நாப்பதடியா?" என்றார்.

"இருபது."

"அது போதும்" என்றார்.

மாதவரம் பக்கத்தில் ஒரு யார்டில் பார்த்து முடித்தோம். பக்கவாட்டில் ஒரு கதவும் இரண்டு ஜன்னல்களும் வெட்டி, நீல பெயின்ட் அடித்திருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் நான்கு மூலைக்கும் செங்கல் மேடை கட்டினோம். வழியில் நின்ற முருங்கையை வெட்டினோம்.

கன்டெய்னர் வந்த அன்று காலை பத்து மணி இருக்கும். ட்ரெய்லர் முன்னால் வர, தூக்கி இறக்குவதற்கான ஹைட்ரா கிரேன் பின்னால் வந்தது. எங்கள் தெரு முனையில் ஒரு திருப்பம். அதை ஒட்டி மூடி போடாத கால்வாய். டிரைவர் மூன்று முறை ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தான். மூன்று முறையும் பின்சக்கரம் கால்வாய் விளிம்பில் போய் நின்றது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"ஆவாது சார். மெயின் ரோட்லயே எறக்கி உட்டுட்டுப் போறேன், ஹைட்ரா தூக்கிகினு வரட்டும்" என்றான் டிரைவர்.

"தூக்கிகினு வந்தா கரன்ட் ஒயரு மாட்டும். என்னால ஆவாதுப்பா" என்றான் கிரேன்காரன்.

என் கணவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பின்னால் கைத்தடி தட்டும் சத்தம் கேட்டது. அண்ணன் லுங்கியை இடுப்பில் ஏற்றிச் செருகிக்கொண்டு, சுவரில் சாய்ந்து சாய்ந்து தெருமுனை வரைக்கும் தானே நடந்து வந்திருந்தார். சக்கரத்தைப் பார்த்தார். கால்வாயைப் பார்த்தார். மேலே ஒயரைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் ஏதோ சொன்னார். நாக்கு குழறியதால் டிரைவருக்குப் புரியவில்லை.

"இன்னா சொல்றாரு?" என்று என்னைக் கேட்டான்.

எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டில் அவர் பேச்சு முழுதாகப் புரிந்தது எனக்குத்தான். "முன்னாடி போகச் சொல்றாரு. அந்த மளிகைக் கடை வரைக்கும் ஃபுல்லா போகணுமாம்" என்றேன்.

போனான். அண்ணன் என் தோளில் சாய்ந்துகொண்டார். அவர் முனகுவதை எல்லாம் நான் கத்தினேன். "ரைட்ல ஒடிக்கணுமாம்! ஃபுல்லா ஒடி! அப்பிடியே வா! வா, வா, வா... இப்ப நேராக்கு! கண்ணாடியப் பாக்காத, இவரு கையப் பாரு!" அண்ணனின் வலது கை காற்றில் மெல்ல மடங்கி மடங்கி அழைத்தது. அத்தனை நீள வண்டியும் அந்தக் கைக்குக் கட்டுப்பட்டதுபோல வளைந்து உள்ளே வந்தது. பின்சக்கரம் கால்வாயை விட்டு ஒரு சாண் தள்ளி உருண்டது. "ஓல்டான்!" என்று நிறுத்தச் சொன்னார். அந்த ஒரு சொல் மட்டும் குழறாமல் வந்தது. வண்டி சரியாக எங்கள் கேட்டுக்கு எதிரே நின்றது.

தெருவில் யாரோ கை தட்டினார்கள். அண்ணன் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பெட்டி எதற்காக வந்திருக்கிறது என்பதே அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு மறந்துபோனது.

டிரைவர் குதித்து இறங்கி வந்தான். "அண்ணாத்தே, நீ நம்ம லைனா?"

அண்ணன் தலையாட்டினார்.

"அதானே பாத்தேன். யாருக்குண்ணா இது? இன்னா வெக்கப் போறாங்க?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "சாமான்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "சும்மா, சாமான் போட்டு வெக்க" என்றார். டிரைவருக்கு அது மட்டும் நன்றாகப் புரிந்துவிட்டது. நான் கேட்டைத் திறக்கப் போனேன்.

ஹைட்ரா தூக்கி மேடைமேல் வைத்தது. அந்த வாரமே அண்ணன் குடிபோனார்.

வெயில் நாட்களில் தகடு கொதிக்கும். மேலே கீற்று வேய்ந்து தண்ணீர் தெளித்தோம். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "ஏ.சி. மாரி கீது" என்பார். முதல் மாதம் மூன்று வேளையும் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தேன். பிறகு தட்டை வைத்துவிட்டு, "அடுப்புல வேலை இருக்குண்ணா" என்று வந்துவிடுவேன். சமையலறையிலிருந்து அங்கே போக இருபது அடிகூட இருக்காது. சில நாள் சாயங்காலம் வரைக்கும் எனக்கு அந்தப் பக்கம் போகத் தோன்றாது. அவர் ஒரு நாளும் கூப்பிடவில்லை.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை. மழை பெய்தால் அந்தத் தகட்டுச் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். மூன்றாம் நாள் காலை காபி எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் கதவுப் பக்கம் தலை வைத்துத் தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தது. எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்தார், கூப்பிட்டாரா, சுவரைத் தட்டினாரா, எதுவும் தெரியாது. மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது என்றார் கணவர். ஹாலில் விழுந்திருந்தால் கேட்டிருக்கும். அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். இந்த முறை குழறல் பேச்சும் இல்லை. நான்காம் நாள் வராந்தாவில் மருமகளும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவள் அழுதுகொண்டிருந்தாள். பாவம் என்று அழுகிறாள் என நினைத்தேன்.

"சாயங்காலத்துல குழந்தைய அவருகிட்டத் தூக்கிட்டுப் போவேன் அத்தே. நீங்க டீ.வி. பாத்துட்டு இருப்பீங்க. மடியில படுக்க வெச்சா ஒரு கையாலயே தூங்க வெச்சிருவாரு" என்றாள்.

எனக்கு அது தெரியாது. "உனக்குச் சிரமமா இருக்கக் கூடாதுன்னுதாம்மா அவர அங்க வெச்சோம்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நான் எப்ப அத்தே கேட்டேன்?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டாள். நர்ஸ் வந்து மருந்துச் சீட்டை நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டு எழுந்து போனேன்.

அண்ணனைப் பூந்தமல்லியில் அண்ணியின் கல்லறையிலேயே அடக்கம் செய்தோம். அவரோடு வண்டி ஓட்டியவர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். கடைசி நாட்களில் எங்கே இருந்தார் என்று ஒருவர் கேட்டார். "எங்க ஊட்லதான்" என்றேன்.

தை பிறந்ததும், கட்டட வேலை எடுத்துச் செய்யும் ஒருவர் கன்டெய்னரைக் கேட்டு வந்தார். தூக்கிப் போக நாள் குறித்தார்கள். அன்று வீட்டில் இருக்க என்னால் முடியாது என்று தோன்றியது. காலையிலேயே ஆட்டோ பிடித்துப் பட்டாபிராம் ஸ்டேஷனுக்குப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். சென்ட்ரல் வண்டிகள் வந்தன, போயின. பூ விற்கும் பெண் ஒருத்தி, "எந்த வண்டிக்கும்மா இம்மா நேரமா குந்தினு கீற?" என்று கேட்டாள். அடுத்த வண்டிக்கு என்றேன். அதுவும் போனது.

மதியம் மருமகள் போன் செய்தாள். "போயிடுச்சு அத்தே. வாங்க, சாப்பிடலாம்" என்றாள்.

இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தேன்.