ஆடித் தள்ளுபடியில் ஒரு ரிப்போர்ட்

தனலட்சுமியின் ரிப்போர்ட் வந்து பதினோரு நாளாகியும் அவர் வாங்க வரவில்லை. மந்தைவெளியில் நான் டெக்னீஷியனாக இருந்த லேபில், வாங்காத ரிப்போர்ட்டுகளை ஒரு நீலத் தட்டில் போட்டு வைப்போம். அந்தக் கவரை மட்டும் நான் தினமும் எடுத்துப் பார்த்தேன். கர்ப்பப்பை வாயில் எச்பிவி வைரஸ், கான்சரை வரவழைக்கக்கூடிய பதினாறாம் வகை. அங்கிருந்து சுரண்டி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரிலும் செல்கள் மாறியிருந்தன.

அவர் கொடுத்த எண்ணுக்கு அடித்தால் ஆண் குரல். "நான் ஃப்ளோர் சூப்பர்வைசர். ஸ்டாஃப் போனெல்லாம் லாக்கர்ல இருக்கும். எதுனாலும் என்கிட்ட சொல்லுங்க மேடம், சொல்லிடறேன்."

இதையா ஒரு சூப்பர்வைசரிடம் சொல்வது? எந்தக் கடை என்று மட்டும் கேட்டுக்கொண்டு வைத்தேன். எங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு தி. நகருக்கு பஸ் ஏறினேன்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம். இரண்டாம் மாடியில் தனலட்சுமி புடவை மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"இன்னாக்கா, இங்க வந்துட்ட?"

"புடவை காட்டும்மா" என்றேன். பின்னாலேயே சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

தனலட்சுமி ஒரு புடவையை விரித்தார். நான் குனிந்து, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னேன்.

"கான்சராக்கா?"

"ரிப்போர்ட் அப்படிச் சொல்லல. கால்போஸ்கோபின்னு, லென்ஸ் வச்சு உள்ள பாத்து, துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்."

"எனக்கு ஒரு நோவும் இல்லியே. வலிக்காத பல்ல எவ ஆட்டிப் பாப்பா? ஆடி முடியட்டும், வரேன்."

ஒரு மாதத்தில் ஒன்றும் முழுகிவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஆடி போனால் தீபாவளி, தீபாவளி போனால் பொங்கல். கையிலிருந்த புடவையைக் காட்டியே சொன்னேன்.

"இந்த வைரஸ் பல பேருக்கு வரும்மா. முதல்ல பின் குத்தின பிளவுஸ் துணி மாதிரி செல்லுக்குள்ள தனியா கிடக்கும். முக்கால்வாசிப் பேருக்கு உடம்பே கழட்டிப் போட்டுடும். சில பேருக்குப் போகாம, செல்லோட டிஎன்ஏவுலயே புகுந்துக்கும். இந்த பார்டர் மாதிரி, சேத்து நெய்தாச்சு. அப்ப வைரஸுக்குள்ளயே அதை அடக்கி வைக்கிற ஜீன் அறுந்து போயிடும். செல்லு கட்டுப்பாடு இல்லாம பெருக ஆரம்பிக்கும். அங்கிருந்துதான் கான்சருக்கு வழி."

"எனக்குப் பின்னா, பார்டரா?"

"எங்க டெஸ்ட்டுல அது தெரியாது. அதான் வந்தேன்."

சூப்பர்வைசர் கிட்டே வந்தார். தனலட்சுமி குரலை உயர்த்தினார். "இது சாஃப்ட் சில்க் மேடம், சாயம் போவாது." சூப்பர்வைசர் நகர்ந்ததும் தனலட்சுமி விரல்களால் அந்த பார்டரைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"வூட்டுக்காரர் கேட்டா இன்னா சொல்றது?"

"படுக்கை உறவுல ஒட்டுறதுதான். ஆனா எப்பவோ வந்து ஒளிஞ்சிருக்கலாம், வருஷக்கணக்கா. யார் மேலயும் பழி போட முடியாது. டாக்டரே சொல்லுவாங்க."

"திங்கக்கெயம காலைல வரேன். லீவு இல்லன்னு சொன்னா, காய்ச்சல்னு சொல்லிக்கிறேன்."

திங்கட்கிழமை ஒன்பதரை வரை நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குக் கடைச் சீருடைப் புடவையிலேயே வந்தார். எடுத்த சதையின் பயாப்சி ரிசல்ட் பிறகு வந்தது: கான்சர் இல்லை, அதற்கு முந்தைய கட்டம். டாக்டர் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார்.

பிறகு ஒருநாள் செக்கப்புக்கு வந்தவர் சொன்னார்: "ஓரத்த மட்டும் வெட்டிட்டாங்கக்கா. புடவை தப்பிச்சிது."

நான் கற்றது இதுதான். அன்றிலிருந்து ஊசியையும் பஞ்சுக் குச்சியையும் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பேன்: "இந்த நம்பர்ல அடிச்சா யாரும்மா எடுப்பாங்க?"