நான் சொன்ன ஓகே

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். சம்மதம் என்றாலும் ஓகே, போனை வைக்கிறேன் என்றாலும் ஓகே என்பேன். சீசன் நெருக்கடியில் மெஷின்மேன் தாளை நீட்டி, "அக்கா, ஓட்டிரவா?" என்றார். போனில் இருந்த அம்மாவிடம் "ஓகே" என்றேன். தனக்குத்தான் சொன்னேன் என்று நினைத்து மெஷின்மேன் அச்சை ஓட்டிவிட்டார். அமாவாசை ஒரு நாள் தள்ளி அச்சாகிவிட்டது.

"யாருலே ஓகே சொன்னது?" என்று முதலாளி கத்தினார். மெஷின்மேன் என்னைப் பார்த்தார், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

மறுநாள் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். "விடும்மா, வேற ஆள் போட்டாச்சு" என்றார்.

இப்போது அந்த மெஷின்மேன் விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறார். வழியில் பார்த்தால், "சாப்பிட்டீகளாக்கா?" என்று விசாரிக்கிறார். நான் இன்னும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.